நான் படுத்திருந்த இரண்டு மாதம்

ஜூன் 3, செவ்வாய்

எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எழுதுகிறேன்.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் ரெபேக்கா மேடம் என்று ஒருவர் இருக்கிறார். டாக்டர் நெஞ்சைப் பார்ப்பார், மேடம் அதற்குள் இருக்கிற ஆளைப் பார்ப்பார்களாம். "தினமும் நடந்தத எழுதுங்க. அப்ப உடம்புல என்ன செஞ்சுதுன்னும் சேத்து எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார்கள். நான் பத்தாவதை இரண்டு முறை எழுதியவன். இரண்டு முறையும் திருத்தினவர்களுக்குத்தான் கஷ்டம். இதைத் திருத்த ஆள் இல்லை என்பதால் தைரியமாக ஆரம்பிக்கிறேன். டைரி, போன வருசம் பைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுத்தது. கிழமை எல்லாம் தப்பு. அடித்து எழுதிக்கொள்கிறேன்.

பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்திரண்டு. கோபிக்கும் ஈரோட்டுக்கும் பிரைவேட் பஸ் ஓட்டுகிறேன். "ஓட்டினேன்" என்று எழுத வந்தது, விடவில்லை.

போன மாதம் கவுந்தப்பாடி தாண்டும்போதே இடது தோள் இழுத்தது. பின்னால் போட்டிக் கம்பெனியின் மஞ்சள் வண்டி வந்துகொண்டிருந்தான். அவனுக்கும் எனக்கும் நடுவில் நாலு நிமிசம்தான். சித்தோட்டில் சட்டை முழுக்க வேர்வை. நிறுத்தினால் ஜனத்தை அவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஈரோடு ஸ்டாண்டில் அவனுக்கு முன்னால் வண்டியைப் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தேன். கண்டக்டர் அர்த்தனாரி, "கேஸ்தானுங்ணா" என்று சோடா வாங்கிக் கொடுத்தான். நானும் ஏப்பம் வருமா என்று காத்திருந்தேன். வந்தது ஏப்பமில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் சின்ன ஸ்பிரிங் மாதிரி ஒன்றை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வெளியே சொன்னது என்னவென்றால், குடல் புண், ஆபரேஷன். நெஞ்சு என்று தெரிந்தால் எந்த முதலாளியும் சாவி தரமாட்டார். உண்மை தெரிந்தவர்கள் நான், என் வீட்டுக்காரி மரகதம், மகள் தாரணி, அர்த்தனாரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே மரகதத்திடம் சொன்னேன், "இது நம்மளுக்குள்ளயே இருக்கோணும். ஆடி கடைசிக்குள்ள நான் பச்சை வண்டியில ஏறிடுவேன்." பச்சை வண்டி என்பது என் வண்டி. பதினோரு வருசமாக வேறு யாரும் அதில் நிரந்தரமாக உட்கார்ந்ததில்லை.

"சரிங்க" என்றாள். அவள் சரிங்க என்றால் அது பட்டா போட்ட மாதிரி.

உடம்பில்: ஒன்றுமில்லை. எழுதி எழுதி விரல் வலிக்கிறது.

ஜூன் 5, வியாழன்

உப்பில்லாத ரசம். வெந்நீரில் தக்காளி தற்கொலை செய்துகொண்ட மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மரகதம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவும் மகளும் காலையில் பாரியூர் கோயிலுக்குப் போனார்கள். தாரணிக்குக் கல்லூரி இன்னும் திறக்கவில்லை, பி.காம் இரண்டாம் வருசம் போகிறாள். ஸ்கூட்டியில் போனவர்கள் மத்தியானம்தான் வந்தார்கள். மரகதம் எனக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். விரல் சில்லென்று இருந்தது. முகம் மட்டும் பாரம் இறக்கின லாரி மாதிரி. சாமி கும்பிட்டால் இவ்வளவு தெளிச்சல் வருமென்றால் நானும் போயிருப்பேன்.

வீட்டில் பகலில் இருப்பது எனக்குப் புதுசு. என் வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. பத்து மணிக்கு வெயில் பீரோ வரைக்கும் வருகிறது. மரகதம் துணி காயப்போடும்போது ஏதோ முணுமுணுக்கிறாள், பாட்டு மாதிரி. நான் ஜன்னலுக்குப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "பாடு புள்ள, டிக்கெட்டா கேக்கறேன்?" என்றேன். சிரித்தாள், ஆனால் பாடவில்லை.

தாரணிக்குக் காது நல்ல கூர்மை. அதைப் பெருமையாக எழுதிவைக்க வேண்டும். சின்ன வயசிலிருந்தே என் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், டிவியை அணைத்துப் புத்தகத்தை விரித்துவிடுவாள். சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கலெக்சன் எப்படி, மஞ்சள் வண்டி முந்தினானா என்பதைக்கூடச் சொல்லிவிடுவாளாம். மரகதம் அதைக் கேட்டுத்தான் அன்றைக்கு என்னிடம் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று முடிவு செய்வாளாம். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்கள். நான் சிரித்து சிரித்து வயிறு வலித்தது. அவர்களும் சிரித்தார்கள் என்றுதான் ஞாபகம்.

நான் யாரையும் கை நீட்டியதில்லை. சில தட்டுகளைத்தான் வீசியிருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாமே எவர்சில்வர், அதனால் நஷ்டம் கிடையாது, சத்தம் மட்டும்தான்.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெபேக்கா மேடம் என்னை உட்கார வைத்து, "சின்ன வயசுல வீடு எப்படிங்க?" என்று கேட்டார்கள். நெஞ்சு அடைத்ததற்கும் சின்ன வயசுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். "சும்மா சொல்லுங்க" என்றார்கள். சும்மாதானே என்று சொன்னேன்.

அப்பா கவுந்தப்பாடி வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். நல்ல மனுசன். மனசு சரியில்லாத நாளில் மட்டும்தான் கொஞ்சம் அப்படி. சைக்கிள் ஸ்டாண்டை அவர் போடுகிற சத்தத்திலேயே எனக்கும் என் தம்பிக்கும் தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் அன்றைக்குத் தீபாவளி. எட்டி உதைத்துப் போட்டால், வாயில் இருக்கிற சோற்றை மெல்லாமலே விழுங்கிவிட்டு நெட்டுக்குத்தாக உட்கார்ந்துகொள்வோம். தம்பி ஒரு தடவை முழு முட்டையை அப்படியே விழுங்கிவிட்டு முழி பிதுங்கி நின்றான். இதை நடித்தே காட்டினேன். மரகதம் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. அந்த அறையில் நான் ஒருத்தன்தான் ரசிகன்.

மேடம் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இது. பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கோ சண்டைக்கோ தயாராகிறது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்தம் ஏறும், வயிறு இறுகும். பயம் போனதும் இறங்கிவிட வேண்டும். ஆனால் சின்ன வயசிலிருந்து தினமும் அப்படியே இருந்தால், இறங்குவதை உடம்பு மறந்துபோகுமாம். ஆபத்தே இல்லாத இடத்திலும் தயாராகவே நிற்குமாம். அப்புறம் எத்தனையோ வருசம் கழித்து நெஞ்சு, சர்க்கரை, தூக்கமின்மை, மனசு பாரம் என்று ஏதாவது ஒரு பக்கம் வெளியே வருமாம்.

"நியூட்ரல்ல நிறுத்தி வெச்சும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுக்காத மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

"அதேதான்" என்றார்கள். அதோடு, "உங்களுக்கு மட்டுமில்லீங்க. வீட்டுல ஒருத்தர் அப்படி இருந்தா மத்தவங்க உடம்பும் அதுகூடச் சேந்தே ஓடும்" என்றார்கள்.

நல்ல மேடம். பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருக்க வேண்டியவர்.

உடம்பில்: அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது தாடை இறுகியது. அந்த முட்டை ஞாபகமாக இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்கு ஒன்றுமில்லை. தூங்கினேன், எழுந்தேன், மாத்திரை தின்றேன்.

ஜூன் 27, வெள்ளி

அர்த்தனாரி பார்க்க வந்தான். கையில் சாத்துக்குடி. சித்த நேரம் மஞ்சள் வண்டியைத் திட்டினோம். மனசுக்குத் தெம்பாக இருந்தது.

"பச்சை வண்டியில யாருடா போறது?"

"அந்தியூர்ப் பையன் ஒருத்தன் போறானுங்ணா. ஸ்பேர் டிரைவர்தான்."

"கிளட்ச்சு மேலயே கால வெச்சிருப்பானே."

"ஆமாங்ணா. அதெல்லாம் உங்களாட்ட வருமா" என்றான். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான். தண்ணீர் வந்ததும் எழுந்துகொண்டான், குடிக்கவில்லை. வாசலில் மரகதம் அவனோடு ஏதோ பேசினாள். நான் எட்டிப் பார்த்ததும் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிரைவேட் பஸ் கண்டக்டருக்கு வெயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

ஜூலை 3, வியாழன்

செக்கப். என் ரிப்போர்ட் பரவாயில்லை. வேடிக்கை என்னவென்றால், கூட வந்தவளுக்கும் பிரஷர் பார்த்தார்கள். ஏழெட்டு வருசமாக அவளுக்கு ஏறித்தான் இருக்கும், மாத்திரை போட்டும் இறங்காது. இன்றைக்கு அளவாக இருந்தது. நர்ஸ் நம்பாமல் இன்னொரு கையில் கட்டிப் பார்த்தது. அதிலும் அளவுதான். கை விரல்களில் எப்போதும் வெடித்துத் தோல் உரிந்தபடி இருக்கும், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். சோப்பு அதேதான், விரல் ஆறியிருக்கிறது.

"ஸ்பிரிங் வெச்சது எனக்கு, குணமானது உனக்கு. ஒரே பில்லுல ரெண்டு பேஷண்ட்டு" என்றேன். நர்ஸ் சிரித்தது. மரகதம் குனிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

தாரணியும் வயிற்று வலி மாத்திரையைத் தொடவே இல்லை, வாங்கினது அப்படியே கிடக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அந்த வலி உண்டு. ஸ்கேன் எடுத்தோம், குழாய் விட்டுப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். பரீட்சைப் பயம் என்று நானே முடிவு செய்தேன். இப்போது கல்லூரி திறந்ததுமே பரீட்சை வைத்திருக்கிறார்கள், வலியைக் காணோம். நேற்று ராகி தோசை நாலு தின்றாள்.

எல்லாரும் நன்றாக இருக்கிறோம். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இவ்வளவு நன்றாக இருப்பது.

ஜூலை 12, சனி

மெயின் ரோடு வரை நடந்தேன். பச்சை வண்டி போனது. அந்தப் பையன் என்னைப் பார்த்து ஏர் ஹாரன் அடித்தான், மரியாதைக்குத்தான். என் நெஞ்சு அடித்த அடியில் மைல் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஆசைப்பட்ட வண்டியைப் பார்த்தால் அப்படித்தான் அடிக்கும்.

ஜூலை 17, வியாழன்

டாக்டர் இன்னும் பெரிய வண்டி ஓட்டக்கூடாது என்கிறார். எத்தனை நாள் என்றால் பார்க்கலாம் என்கிறார். அவர் பார்க்கட்டும். நான் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். ஃபிட் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக்குக் கம்பெனி ஷெட்டுக்குப் போகிறேன். முதலாளி சென்னியப்பன் முன்னால் காக்கிச் சட்டையோடு போய் நிற்கப்போகிறேன். மரகதத்திடம் காக்கியைத் தேய்த்து வைக்கச் சொன்னேன். தேய்த்து வைத்தாள்.

ஜூலை 18, வெள்ளி

முதலாளி ஷெட்டில் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பதினோரு வருசத்தில் எனக்கு அங்கே நாற்காலி போட்டதில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

சர்ட்டிபிகேட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"நாச்சிமுத்து, ஷெட்டுலயே இரு. வண்டி வர்றது, போறது, டீசல், ரிப்பேரு எல்லாம் நீ பாத்துக்க. சம்பளம் பாத்துப் போட்டுத் தர்றேன்."

"ஏனுங், குடல் புண்ணுக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தமுங்?"

அவர் என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு, "நெஞ்சுல ஸ்பிரிங் வெச்சுக்கிட்டு நீ என்ற வண்டியில ஜனத்த ஏத்துவியாப்பா?" என்றார்.

அர்த்தனாரி அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். எனக்குக் கண் இருட்டியது. அவன் சட்டையைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. டைரி ஓசியில் வந்தது, அதற்காக அதை நாறடிக்கக்கூடாது. சோடா வாங்கிக் கொடுத்த கையாலேயே குழி வெட்டினாயே என்ற மாதிரி. அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளவே இல்லை. அப்படியே நின்றான்.

முதலாளிதான் எழுந்து வந்து என் கையை எடுத்தார். "அவன எதுக்குப்பா புடிக்கறே? உன்ற சம்சாரம்தான் வந்து சொல்லுச்சு. போன மாசமே."

"எப்பங்?"

"செவ்வாக்கெழம. புள்ளயும் கூட வந்துது, ஸ்கூட்டியில. 'அவருக்கு வண்டி குடுத்துராதீங்க, நான் சொன்னேன்னும் சொல்லிராதீங்க'ன்னுச்சு. நீ வந்து நிப்பேன்னு தெரிஞ்சுதான் ஷெட்டு வேலைய வெச்சிருந்தேன்."

செவ்வாய்க்கிழமை. பாரியூர்.

அர்த்தனாரி என்னைப் பைக்கில் ஏற்றி வீட்டில் விட்டான். வழியில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஷெட்டில் வண்டி கழுவுகிறவனுக்கும் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்த என் நெஞ்சு எனக்கு மட்டும் குடல் புண்.

அதே நாள், சாயங்காலம்

மரகதம் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சரிங்கன்னு சொன்னியே" என்றேன். கத்தவில்லை. கத்தினேன் என்று அவள் சொல்லலாம், இல்லை.

"சொன்னேனுங்க."

"சொல்லிட்டுப் போய் என்ற கழுத்த அறுத்துட்டு வந்திருக்கறே. அதுக்குக் குங்குமம் வேற."

"கோயிலுக்கும் போனோமுங்க. ஷெட்டுக்குப் போயிட்டு அப்புறம் போனோம்."

"நான் செத்துருவேன்னு பயந்துட்டியா? அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

அவள் முறத்திலிருந்து கல் ஒன்றைப் பொறுக்கி வெளியே போட்டாள். அப்புறம் சொன்னாள்.

"நாப்பது அம்பது பேரு உசுரு உங்க கையில. அதுக்காகத்தான் போனேன்னு சொல்லலாம். அது நெசந்தான். ஆனாப் பொய் சொல்ல மாட்டேனுங்க, அதுக்காக மட்டும் போவல. நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வந்துச்சு. கல்யாணமான நாள்ல இருந்து அப்படித் தூங்குனதில்லீங்க. உங்க வண்டி தெருவுக்குள்ள வர்றப்ப இந்த அடிவயிறு இருக்குதே, அது இப்ப புடிக்கறதில்ல. பாப்பாவுக்கும் புடிக்கறதில்ல. செத்துருவீங்கன்னு பயந்தது ஒரு பங்கு. மறுக்கா அதே ஆளாத் திரும்பி வந்துருவீங்கன்னு பயந்தது ரெண்டு பங்கு."

"நான் என்னடி செஞ்சேன் உன்னைய? ஒரு அடி அடிச்சிருப்பேனா?"

"இல்லீங்க" என்றாள். "ஒரு நாளும் அடிச்சதில்ல. என்னைக்கு அடிப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

நான் உள்ளே வந்து படுத்துக்கொண்டேன். பக்கத்தில் தட்டு இருந்தது. அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. தொடவில்லை.

உடம்பில்: தாடை, தோள், வயிறு எல்லாம். நெஞ்சு மட்டும் ஒழுங்காக அடிக்கிறது. அதுவும் அவர்கள் கட்சி போலிருக்கிறது.

ஜூலை 19, சனி

பேசவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பேசவில்லை. ரசத்தில் உப்பு இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

தாரணி தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அம்மா மேல மட்டும் கோவப்படாதீங்ப்பா. நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஷெட்டு எங்கிருக்குன்னு அம்மாவுக்குத் தெரியாது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல கண்ணு?"

"உங்ககிட்ட எப்படிப்பா கேக்கறது?"

அவள் குறை சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எப்படி என்று நான் சொல்லிக் கொடுத்தால் அடுத்த தடவை அப்படிக் கேட்பாள், அந்த மாதிரி. நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் ஒன்று கேட்பது எப்படி என்பது நானும் படிக்காத பாடம்.

"இட்லி ஆறுது" என்றேன். போய்விட்டாள். போகும்போது வலது கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. பரீட்சை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது.

ஜூலை 28, திங்கள்

ரெபேக்கா மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நியாயம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். என் பக்கம் தீர்ப்பு வரும், மரகதத்தைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்வார்கள் என்று.

"உங்களுக்குக் கோவம் வர்றது நியாயம்தான். மறைச்சது தப்புதான்" என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்க உடம்பு சொன்னதும் நியாயம்தான்" என்றார்கள்.

ரெண்டு பக்கமும் நியாயம் என்றால் பீஸ் எதற்கு?

"நான் படுத்தா எல்லாருக்கும் சொகமாகுதுன்னா, நான் ஒரேயடியாப் படுத்துக்கறேனுங்" என்றேன், வேடிக்கையாகத்தான். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, தூக்கம் வருகிறதா, தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். இல்லீங், வாய்க்கொழுப்பு என்றேன். ஆனால் என்னை அப்படிக் கேட்டது அவர்கள்தான் முதல் ஆள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரியில் பினாயில் அதிகம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நான் ஒன்றும் முடிந்துபோனவனில்லை. பவானியிலிருந்து ஒரு பஸ் முதலாளி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பதினெட்டு, கூடுதுறையில் ஜனம் கூடும், ஸ்பெஷல் விடுகிறார்கள், டிரைவர் கிடைக்காமல் தவிக்கிறார். "நீ நல்லா ஓட்டுவேன்னு கேள்விப்பட்டேன். உடம்பு சரியாப் போச்சாமா?"

"சரியாப் போச்சுங். குடல் புண்ணு" என்றேன்.

"அப்ப விடிகாலையில வந்துரு. ஸ்பெஷலு நல்லாப் போச்சுன்னா நம்மகிட்டயே நிரந்தரமா ஏறிக்கலாம்."

பார்த்தீர்களா என்று இந்த டைரியிடம்தான் சொல்ல முடிகிறது. இந்த முதலாளியின் ஷெட்டு எங்கே இருக்கிறது என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏறி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வார்கள்?

உடம்பில்: எழுதும்போதே உள்ளங்கை வேர்க்கிறது. சந்தோசம்.

ஆகஸ்ட் 2, சனி

சாயங்காலம் காக்கியைக் கடையில் கொடுத்துத் தேய்த்து வாங்கினேன். வீட்டுக்காரியிடம் கொடுக்கப் பிடிக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய், நாளைக்கு வண்டி ஏறுகிறேன் என்று இரண்டு பேர் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும் என்று வந்தேன். அவர்கள் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகவே வேகமாக நடந்தேன்.

பைக் ஓட்டக்கூடாது என்பதால் நடைதான். நான் வருகிற சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.

கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம். முதலில் பக்கத்து வீடு என்று நினைத்தேன். மரகதம் சிரிக்கிறாள். மூச்சு வாங்க, நடுவில் "ஐயோ போதும் பாப்பா, போதும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். தாரணி யாரையோ மாதிரி நடித்துப் பேசிக் காட்டுகிறாள். கல்லூரியில் யாரோ ஒரு வாத்தியார் போலிருக்கிறது. என் மகள் இப்படி நடிப்பாள் என்று எனக்குத் தெரியாது. மரகதத்துக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்றும் தெரியாது. இத்தனை வருசம் கூடவே இருந்திருக்கிறேன்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். நீக்கினால் சத்தம் கேட்கும். கேட்டால் நின்றுவிடும்.

காக்கிச் சட்டையைக் கையில் தொங்கப் போட்டுக்கொண்டு, என் வீட்டு வாசலில், திருட வந்தவன் மாதிரி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாளைக்கு வண்டி ஏறினால் நாளை மறுநாளும் ஏறுவேன். பின்னால் யாரோ ஒருவன் மஞ்சளோ சிவப்போ வருவான். நான் வீட்டுக்கு வருவேன். என் பைக் தெருமுனையில் திரும்பும். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

தெருமுனைக்குத் திரும்பிப் போய் அந்த முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நாளைக்கு நான் வர முடியாதுங்."

"ஏப்பா, கடைசி நேரத்துல இப்படிச் சொன்னா நான் ஆளுக்கு எங்க போவேன்?"

"எனக்கு மே மாசம் ஹார்ட் அட்டாக் வந்துச்சுங். வண்டி ஓட்டிட்டு இருக்கறப்பவே வந்துச்சு. உங்ககிட்டச் சொல்லாம ஒத்துக்கிட்டேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லப்பா" என்றார். "உடம்பப் பாத்துக்க" என்றும் சொன்னார். வைத்துவிட்டார்.

திரும்பி வந்து தாழ்ப்பாளை நீக்கினேன். நினைத்த மாதிரியே சிரிப்பு நின்றது.

உள்ளே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அவித்த கடலைக்காயை உரித்துக்கொண்டிருந்தார்கள். தாரணி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மரகதம் என் கையில் இருந்த காக்கியைப் பார்த்தாள்.

"பவானியில ஒருத்தரு ஸ்பெஷலுக்குக் கூப்புட்டாரு" என்றேன். "போவல."

மரகதம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். கடலைக்காய்த் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

எனக்குக் கோபம் போகவில்லை. இதை எழுதும்போதும் போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் துரோகம் செய்தார்கள், அதில் ஒரு எழுத்தையும் அடிக்கமாட்டேன். என்னிடம் கேட்காமல் என் வண்டியை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நான் மரகதத்தை என்றைக்காவது மன்னிப்பேனா என்று தெரியவில்லை. அவள் என்னை மன்னிப்பாளா என்று நான் கேட்கவும் இல்லை.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்ப்பா" என்றாள் தாரணி.

நான் மறுபடி கேட்கவில்லை. ஒரு கடலைக்காயை எடுத்து, சத்தம் வராமல் உடைத்தேன். கொஞ்ச நேரம் தொலியை உரிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் தாரணி, என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து அந்தக் கதையை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வந்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.